டர்னரின் சிறிய பயண ஓவியங்கள் அந்த இடத்திலேயே தீட்டியவையா?

ஆங்கில ஓவியர் டர்னர் பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்விட்சர்லாந்து, இத்தாலி என்று சுற்றியபோது செய்த சின்னச் சின்ன வாட்டர்கலர் ஓவியங்களைப் பற்றிய கேள்வி இது. பார்த்தால் ஏரிக்கரையிலோ படகிலோ உட்கார்ந்து பத்து நிமிடத்தில் தீட்டியவை போல இருக்கின்றன, அப்படித்தான் செய்தாரா? பல ஓவியங்கள் பாதியில் விட்டவை போலவும் தெரிகின்றன. பிறகு ஏன் இத்தனை மதிப்பு?

முதல் கேள்விக்குப் பதில்: பெரும்பாலானவை அப்படிச் செய்தவை அல்ல. இடத்தில் நின்று அவர் செய்தது பென்சில் வேலை. வண்ணம் பிறகு வந்தது. சில சமயம் அன்று மாலையே தங்கிய விடுதி அறையில், சில சமயம் லண்டன் திரும்பிச் சில மாதங்கள் கழித்து, சில சமயம் பல வருடங்கள் கழித்து. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த ஓவியங்களின் மதிப்பு கூடத்தான் செய்கிறது என்பது என் கட்சி. இரண்டாவது கேள்விக்கான பதிலும் இதற்குள்தான் இருக்கிறது.

பென்சில் விஷயத்துக்கு அந்தக் காலத்துச் சாட்சியே உண்டு. 1819இல், தன் 44ஆம் வயதில், டர்னர் முதல் முறையாக இத்தாலியை முழுதாகச் சுற்றிப் பார்க்கப் போனார். கட்டடக் கலைஞர் ஜான் சோனின் மகன் அப்போது அங்கே இருந்தார். டர்னர் நேப்பிள்ஸ் சுற்றுவட்டாரத்தில் கரடுமுரடான பென்சில் ஸ்கெட்சுகளாகப் போட்டுத் தள்ளுகிறார், நாகரிகக் கனவான்கள் இதெல்லாம் எதற்கு ஆகும் என்று திகைக்கிறார்கள் என்று அவர் ஒரு கடிதத்தில் எழுதினார். ரோமில் ஓர் இளம் ஓவியர், சேர்ந்து வெளியே போய் வண்ணம் தீட்டலாமா என்று டர்னரிடம் கேட்டிருக்கிறார். வெளியில் உட்கார்ந்து வண்ணம் தீட்டினால் நேரம் அதிகம் போகும், ஒரு வண்ண ஓவியம் செய்கிற நேரத்தில் 15, 16 பென்சில் ஸ்கெட்ச் போட்டுவிடலாம் என்று உறுமிவிட்டு டர்னர் தன் வழியே போய்விட்டாராம்.

அந்தப் பயணத்தின் நோட்டுப் புத்தகங்களைப் புரட்டினால் அவர் சொன்னது அப்படியே தெரிகிறது. வெனிஸில் அந்த முறை அவர் இருந்தது சுமார் ஐந்து நாள். கிராண்ட் கால்வாயின் இரு கரைகளும் அரண்மனை அரண்மனையாக, ஜன்னல் ஜன்னலாக, சின்னப் பக்கங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட பென்சில் ஸ்கெட்சுகளில் பதிவாகியிருக்கின்றன. வண்ணத்தில் வெனிஸ் நான்கே நான்குதான். அந்த நான்கும் அவர் செய்த எல்லாவற்றிலும் உச்சத்தில் வைக்க வேண்டியவை. சான் ஜார்ஜோ தேவாலயம் காலை வெளிச்சத்தில் நிற்கும் ஓவியத்தில், வானத்துக்கு மிக லேசான மஞ்சள், கட்டடத்துக்கு நீலச் சாம்பல், தண்ணீருக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை, வெறும் காகிதம். அவ்வளவு குறைவான பெயின்டில் அத்தனை வெளிச்சத்தை அதற்கு முன் யாரும் கொண்டுவந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். டர்னர் லண்டனில் கோவென்ட் கார்டன் பக்கம் மெய்டன் லேனில் முடிதிருத்துபவர் ஒருவரின் மகனாக 1775இல் பிறந்தவர். 14 வயதில் ராயல் அகாடமிப் பள்ளியில் சேர்ந்தார். இருபது வயதை ஒட்டிய காலத்தில், டாக்டர் மன்றோ என்ற மருத்துவர் வீட்டில் மாலை ஆறிலிருந்து பத்து மணி வரை உட்கார்ந்து படங்களை நகலெடுக்கும் வேலை பார்த்தார். கூட இருந்தவர் இன்னோர் இளம் மேதை, தாமஸ் கர்ட்டின். கர்ட்டின் கோடு போடுவார், டர்னர் வாஷ் கொடுப்பார், அதாவது தண்ணீர் கலந்த வண்ணத்தை மெல்லிய படலமாகப் பூசுவார். ஓர் இரவுக்கு மூன்றரை ஷில்லிங் கூலி. அவர்கள் நகலெடுத்தவற்றில் முக்கியமானவை ஜான் ராபர்ட் கோசன்ஸ் என்ற ஓவியர் ஆல்ப்ஸிலும் இத்தாலியிலும் வரைந்த காட்சிகள். அதாவது டர்னர் ஐரோப்பாவை முதலில் பார்த்தது ஒரு லண்டன் வீட்டில், விளக்கு வெளிச்சத்தில். கோட்டைப் பார்த்து வண்ணத்தை மனதிலிருந்து கொடுப்பது அவருக்கு அங்கேயே கைவந்துவிட்டது. இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். பின்னாளில் செய்த எல்லாப் பயணங்களிலும் கர்ட்டினின் வேலையையும் தன் வேலையையும் அவர் ஒருவரே செய்தார். பகலில் கோடு, இரவில் வாஷ்.

ஐரோப்பாவுக்கு முதலில் போனது 1802இல். பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் இடையே அமியான் உடன்படிக்கையால் போர் கொஞ்ச காலம் நின்றிருந்தது. கலேயில் இறங்கும்போதே படகு மூழ்கப் பார்த்தது. அதையும் ஸ்கெட்ச் போட்டு, மூழ்கத் தெரிந்தோம் என்று குறிப்பும் எழுதி வைத்தார். ஷாமொனி, மோன் பிளாங், செயின்ட் காட்ஹார்ட் கணவாய், ஷாஃப்ஹௌசன் அருவி என்று போனார். அந்தப் பயணத்துக்கான ஒரு ஸ்கெட்ச் புக்கின் தாள்களுக்குச் சாம்பல் நிற வாஷ் கொடுத்து வைத்திருந்தார். நடுத்தர நிறம் தாளிலேயே இருப்பதால் நிழலை மட்டும் கறுப்புச் சாக்கட்டியிலும் பென்சிலிலும் போட்டு, பனியை வெள்ளையில் தொட்டால் மலை நின்றுவிடும். நேரம் மிச்சம். மறு வருடமே போர் மறுபடி மூண்டது. அடுத்து அவர் கடல் தாண்டியது 1817இல்தான். நடுவில் பதினைந்து வருடம், அந்த ஒரே பயணத்து நோட்டுகளை வைத்துக்கொண்டு ஆல்ப்ஸ் ஓவியங்களாகச் செய்துகொண்டிருந்தார். ரைஷன்பாக் அருவியும் காட்ஹார்ட் கணவாயும் பெரிய வாட்டர்கலராக வந்தது 1804இல். பத்து வருடத்துக்கு முன் பார்த்த பனிப்பாறையின் நிறத்தை எடுத்துத் தீட்டுகிற ஆளுக்கு, இடத்தில் நின்று வண்ணம் தொட வேண்டிய அவசியம் அவ்வளவாக இல்லை.

சரி, பயணத்தில் கையில் என்னதான் இருந்தது? 1817 பயணத்தில் அவருடைய பை தொலைந்துபோனது. எதெல்லாம் போயிற்று என்று நோட்டில் அவரே பட்டியல் எழுதியிருக்கிறார்: மூன்று சட்டை, ஓர் இரவுச் சட்டை, சவரக்கத்தி, காலுறை, கழுத்துத் துணிகள், பெல்ஜியம் பற்றிய ஒரு வழிகாட்டிப் புத்தகம், அரை டஜன் பென்சில், ஒரு வண்ணப் பெட்டி. ஓர் ஓவியரின் முழு மூட்டையும் இவ்வளவுதான். தாளை நிறுத்தி வைத்து வரையும் ஈசல் சட்டம் இல்லை, நாற்காலி இல்லை, உதவிக்கு ஆள் இல்லை. குடை உண்டு, ஒரு குடையின் கைப்பிடிக்குள் கத்தி ஒளித்து வைத்திருந்தார்.

வண்ணப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இப்போது நாம் வாங்கும் ட்யூப் அப்போது இல்லை. ரீவ்ஸ் சகோதரர்கள் சோப்புக் கட்டி போலக் கெட்டியான, தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற வண்ண வில்லைகளைச் செய்து 1781இல் பரிசு வாங்கியிருந்தார்கள். அதற்கு முன் ஓவியர் தானே அரைத்துக் குழைக்க வேண்டும். வில்லை வந்த பிறகுதான் வண்ணத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் சுற்ற முடிந்தது. கிளிசரின் கலந்து, பிரஷ் பட்டதும் கரைகிற ஈர வண்ணங்களை வின்சர் நியூட்டன் கம்பெனி கொண்டுவந்தது 1830களில். உலோக ட்யூப் 1841இல். டர்னரின் கடைசிப் பயணங்களுக்குத்தான் இவை எட்டின. அவருடைய ஒரு பயண வண்ணப் பெட்டி ஒரு பஞ்சாங்கப் புத்தகத்தின் தோல் அட்டையிலேயே செய்தது. உள்தாள்களை எடுத்துவிட்டு, அட்டையின் உள்பக்கத்தில் வண்ணத் துண்டுகளை ஒட்டிவைத்து மடித்துக்கொள்வார். உலகத்திலேயே மிகக் கச்சிதமான வாட்டர்கலர் பெட்டி அதுதான் என்று நினைக்கிறேன்.

காகிதமும் முக்கியம். கென்ட் மாவட்டத்து வாட்மன் ஆலைத் தாளை அவர் அதிகம் பயன்படுத்தினார். வரி விழாத வழவழப்பான தாள். மேலே ஜெலட்டின் பூசியிருப்பதால் வண்ணம் உடனே உள்ளே இறங்காது. அதனால் ஈரமாக இருக்கும்போது துணியால் ஒற்றி எடுக்கலாம், காய்ந்த பிறகு கத்தியால் சுரண்டலாம், நனைத்துத் துடைத்து வெளிச்சத்தைத் திரும்பக் கொண்டுவரலாம். சாதாரணத் தாளில் இதைச் செய்தால் கிழிந்துவிடும். டர்னருக்குப் பிரஷ் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் கட்டைவிரல் நகம். அவர் நண்பர் ஃபாக்ஸின் யார்க்‌ஷயர் மாளிகையில் 1818இல் ஒரு காலைப் பொழுதுக்குள் ஒரு போர்க்கப்பலை அவர் வாட்டர்கலரில் செய்துமுடித்ததை அந்த வீட்டுப் பையன் பக்கத்திலிருந்து பார்த்தான். ஈர வண்ணத்தைத் தாளில் ஊற்றி, வெறி பிடித்தவர் போலத் தேய்த்து, சுரண்டி, கழுகு நகம் போன்ற கட்டைவிரல் நகத்தால் கிழித்து, கடைசியில் கப்பல் மெல்ல வெளியே வந்ததாம். முன்னால் கப்பல் இல்லை, எல்லாம் தலைக்குள்ளிருந்து.

பயணத்தின் வேகத்தையும் நினைத்துப் பாருங்கள். தபால் வண்டியில் போகிறவர் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. 1829இல் ரோமிலிருந்து திரும்பும்போது அவரோடு ஒரே வண்டியில் வந்த ஓர் இளம் ஆங்கிலேயர், இவர் யாரென்று தெரியாமலே எழுதிய கடிதம் ஒன்று உண்டு. வேடிக்கையான, நல்ல மனதுள்ள ஒரு வயதானவர். ஜன்னல் வழியே தலையை நீட்டி நீட்டிக் கண்ணில் பட்டதையெல்லாம் வரைகிறார். மச்செராட்டா ஊரின் சூரிய உதயத்தை வரைந்து முடிக்கும் வரை நிற்கவில்லை என்று வண்டிக்காரரிடம் கோபித்துக்கொண்டார் என்கிறார் அவர். எனக்கு மிகவும் பிடித்த டர்னர் சித்திரம் இது. இப்படி ஓடுகிற வண்டியில் பென்சிலைத் தவிர எதுவும் செல்லாது.

அதே 1829 ஜனவரியில், அந்தப் பயணத்தின்போதே, பிரான்சில் தரார் மலையில் வண்டி பனியில் புதைந்து, எல்லோரும் தீ மூட்டிக்கொண்டு மணிக்கணக்கில் வெளியே காத்திருந்தார்கள். ஒன்பது வருடத்துக்கு முன், 1820 ஜனவரி 15 அன்று, மோன் செனி கணவாயில் வண்டி கவிழ்ந்து முழங்கால் பனியில் நடந்தே இறங்க வேண்டியிருந்தது. இரண்டையும் அவர் வாட்டர்கலராகச் செய்தார், தேதியோடு. இரவுப் பனியில், தண்ணீர் உறைகிற குளிரில் எவரும் வாட்டர்கலர் பெட்டியைத் திறக்க முடியாது. ஆனாலும் தரார் ஓவியத்தைப் பார்த்தால் தீயின் ஆரஞ்சு நிறமும் பனியின் நீலமும் முகத்தில் அடிக்கின்றன. முன்னால் தொப்பியோடு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவர் அவரே என்பார்கள்.

அந்த இடத்திலேயே தீட்டினார் என்ற நம்பிக்கை பரவியதற்கு ரைன் நதித் தொடரும் ஒரு காரணம். 1817 பயணம் முடிந்து திரும்பியவர் சுமார் ஐம்பது ரைன் காட்சிகளை ஃபாக்ஸுக்கு 500 பவுண்டுக்கு விற்றார். ஊர் திரும்பிய கையோடு கோட்டுப் பையிலிருந்து சுருட்டிய ஓவியங்களை எடுத்துக் கொடுத்தார் என்று ஒரு கதை பிற்பாடு கட்டி விட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பென்சில் நோட்டுகளையும் ஓவியங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆய்வாளர்கள், வண்ணம் ஸ்கெட்சுகளை வைத்துப் பிறகு செய்தது என்று காட்டிவிட்டார்கள். தாள்களுக்குச் சாம்பல் வாஷ் கொடுத்து, அதைத் துடைத்தெடுத்து வெளிச்சம் உண்டாக்கியிருக்கிறார். மேஜைமேல் பரப்பி வைத்து, தாள் தாளாகச் செய்கிற வேலை அது.

சின்ன அளவுக்கு வருவோம். பயண வசதி ஒரு காரணம் என்பது எல்லோருக்கும் தோன்றும். கடைசி வருடங்களில் அவர் மெல்லிய அட்டை போட்ட, சுருட்டிப் பையில் செருகக்கூடிய ஸ்கெட்ச் புக்குகளையே வைத்திருந்தார். ஆனால் அவருடைய மிகச் சிறிய வண்ண வேலைகளுக்குப் பெரிய காரணம் புத்தகம். 1820களில் செம்புத் தகட்டுக்குப் பதிலாக எஃகுத் தகட்டில் செதுக்கி அச்சிடும் முறை வந்தது. எஃகு தேயாது, முடி போன்ற கோடும் நிற்கும், ஆயிரக்கணக்கில் அச்சடிக்கலாம். நெப்போலியன் காலத்துப் போர் முடிந்து, நடுத்தர ஆங்கிலேயர்கள் ஐரோப்பா போக ஆரம்பித்திருந்தார்கள். போகாதவர்கள் படம் பார்க்க ஆசைப்பட்டார்கள். சார்லஸ் ஹீத் என்ற செதுக்குக் கலைஞர் ஏற்பாட்டில் 1833 முதல் 1835 வரை டர்னரின் பிரெஞ்சு நதிகளான லுவார், சேன் காட்சிகள் வருடத்துக்கு ஒரு புத்தகமாக வந்தன. அதற்காகச் செய்த மூலங்கள் சுமாராக 14க்கு 19 சென்டிமீட்டர். ஒரு போஸ்ட் கார்டைவிடக் கொஞ்சம் பெரிது. பெரிய நீலத் தாளைப் பதினாறாகக் கிழித்துக்கொண்டால் இந்த அளவு வரும்.

இந்த நதி ஓவியங்களுக்கு ஏன் இன்னும் பெரிய பெயர் இல்லை என்பது எனக்குத் தீராத வருத்தம். நீலத் தாளில், குவாஷ் எனப்படும் வெள்ளை கலந்த கனமான வண்ணத்தில் செய்தவை. வெள்ளைத் தாளில் வெளிச்சத்தைத் தாளே தரும். நீலத் தாளில் எல்லாமே தலைகீழ்: நிழல் தாளில் ஏற்கெனவே இருக்கிறது, வெளிச்சத்தைத்தான் மேலே வைக்க வேண்டும். அதனால் ஒரு மாலைச் சூரியனுக்குச் சிறு மஞ்சள் பொட்டு, பாலத்தின் வளைவுகளுக்குக் கொஞ்சம் இளஞ்சிவப்பு, படகுக்கு ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவில் உள்ளங்கையளவு தாளில் ஒரு முழு நதி விரிந்துவிடுகிறது. லுவார் ஓவியங்களில் பலவற்றை விமர்சகர் ஜான் ரஸ்கின் வாங்கி 1861இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். இன்றும் அங்கே ஆஷ்மோலியன் மியூசியத்தில் இருக்கின்றன. டர்னர் லுவார் நதியில் போனது 1826 இலையுதிர் காலத்தில், அவசரமாக. அந்த நிறமெல்லாம் அதன் பிறகு வருடக்கணக்கில் கனிந்து வந்தது.

இடத்திலேயே வண்ணம் தொட்டதே இல்லையா என்றால், தொட்டதுண்டு. 1840இல் மூன்றாம் முறை வெனிஸ் போனபோது இரண்டு வாரம் ஓட்டல் யூரோப்பாவில் தங்கினார். கிராண்ட் கால்வாய் கடலைத் தொடும் இடத்தில் இருந்த பழைய அரண்மனை அது. அந்த அறையையே ஒரு வாட்டர்கலராகச் செய்து, பின்பக்கம் வெனிஸில் என் படுக்கையறை என்று குறித்திருக்கிறார். ஜன்னலில் மணிக்கூண்டு தெரிகிறது. இப்படி ஜன்னலோரம், மாடியில் என்று செய்த சிலவற்றுக்கு நேரில் பார்த்த ஈரம் இருக்கிறது. அதே ஓட்டலில் தங்கியிருந்த வில்லியம் கேலோ என்ற இளம் ஓவியர், ஒரு மாலை கோண்டோலாப் படகில் சுருட்டுப் பிடித்துக்கொண்டு போகும்போது, இன்னொரு படகில் டர்னர் அஸ்தமன வெளிச்சத்தில் சான் ஜார்ஜோவை வரைந்துகொண்டிருப்பதைப் பார்த்தார். இவ்வளவு நேரமான பிறகும் அவர் உழைக்கிறார், நான் பொழுது போக்குகிறேனே என்று வெட்கப்பட்டதாகக் கேலோ எழுதியிருக்கிறார். அப்போது டர்னருக்கு 65 வயது. மூன்று முறையும் சேர்த்து அவர் வெனிஸில் இருந்த காலம் நான்கு வாரம்கூட வராது. அவர் பெயரோடு இத்தனை நெருக்கமாகச் சேர்ந்துவிட்ட ஊருக்கு அவர் கொடுத்த நேரம் அவ்வளவுதான்.

இப்போது ஸ்விட்சர்லாந்து. 1841 முதல் 1844 வரை ஒவ்வொரு கோடையிலும் போனார். லூசர்ன் ஏரிக்கு எதிரே நிற்கும் ரீகி மலையை விடுதி ஜன்னலிலிருந்து காலை, மாலை, விடிவதற்கு முன் என்று விடாமல் பார்த்தார். ரீகி 1,800 மீட்டருக்கும் குறைந்த, ஆல்ப்ஸ் கணக்கில் சாதாரணமான மலை. 1842இல் புதுமையான ஒரு விற்பனை முறையைக் கையாண்டார். பதினைந்து சிறிய வண்ண மாதிரிகளையும், முடித்த நான்கு ஓவியங்களையும் தாமஸ் கிரிஃபித் என்ற விற்பனையாளரிடம் கொடுத்து, மாதிரியைப் பார்த்து வேண்டியதைச் சொன்னால் பெரிதாக முடித்துத் தருகிறேன் என்றார். மொத்தம் பத்து செய்வதாகத் திட்டம். விலை ஒன்றுக்கு 80 கினி, அதாவது 84 பவுண்ட். உங்கள் வழக்கமான பாணியில் இல்லையே என்று கிரிஃபித் தயங்கினாராம். ஒன்பதுக்குத்தான் ஆள் கிடைத்தது. பத்தாவதைக் கமிஷனாகக் கிரிஃபித்தே எடுத்துக்கொண்டார். அந்தப் பத்தில் ரீகி மூன்று. நீல ரீகியைத் திமிங்கில எண்ணெய் வியாபாரி பிக்னல் வாங்கினார். அது 2006இல் ஏலத்தில் 58 லட்சம் பவுண்டுக்குப் போய், நாட்டை விட்டுப் போகாமல் தடுக்கப்பட்டு, பொதுமக்கள் நன்கொடையும் சேர்ந்து 2007இல் டேட் மியூசியத்துக்கு வந்தது. அளவு? 30க்கு 45 சென்டிமீட்டர்.

இதே வரிசையில் வந்த ஸ்ப்ளூகன் கணவாய் ஓவியத்தின் மேல் இளம் ரஸ்கினுக்குக் கண். அப்பா வெளிநாட்டில் இருந்ததால் கேட்காமல் வாங்க முடியாமல் போய், இன்னொருவர் எடுத்துக்கொண்டார். முப்பத்தாறு வருடம் அந்தக் குறை தீரவில்லை. 1878இல் அவர் நோயில் விழுந்து மீண்டபோது நண்பர்கள் பணம் திரட்டி 1,000 கினிக்கு வாங்கி அவர் கையில் கொடுத்தார்கள்.

ரஸ்கினை இங்கே நான் இழுத்ததற்குக் காரணம் உண்டு. என் கட்சிக்கு மிக வலுவான சான்று அவரிடம்தான் இருக்கிறது. 1843இல் டர்னர் அவருக்காகக் காட்ஹார்ட் கணவாய்க்குத் தெற்கே ஃபைடோ என்ற இடத்தைச் செய்து கொடுத்தார். பொங்கி வரும் ஆறு, உருண்டு கிடக்கும் பாறைகள், இரு பக்கமும் நெருக்கும் மலை. 1845இல் ரஸ்கின் அந்த இடத்தைத் தேடிப் போனார். சாலை, பாலம், கற்கள் எல்லாம் இருந்தன. மலைகள் மட்டும் ஓவியத்துக்குப் பக்கத்தில் குள்ளமாகத் தெரிந்தன. உட்கார்ந்து அந்த இடத்தை உள்ளது உள்ளபடி வரைந்து, டர்னருடையதோடு ஒப்பிட்டு, பிறகு விரிவாக எழுதினார். அவர் கண்டுபிடித்தது இது: காட்ஹார்ட்டின் பயங்கரமான பள்ளத்தாக்கு வழியாக இறங்கி வருகிறவனுக்கு, ஃபைடோவுக்கு வரும்போது மனம் முழுக்க அந்த வழிதான் நிறைந்திருக்கும். டர்னர் அந்த இடத்தோடு, அதற்கு வந்து சேர்ந்த பாதையையும் சேர்த்தே வரைந்திருக்கிறார். அங்கேயே உட்கார்ந்து வண்ணம் தீட்டியிருந்தால் கண் முன்னால் இருந்த குள்ள மலைதான் கிடைத்திருக்கும். பல மைல் வழியும் ஒரே தாளில் வந்தது, பென்சிலுக்கும் வண்ணத்துக்கும் நடுவில் போன மாதங்களால்தான்.

இரண்டாவது கேள்விக்கு, அதாவது பாதியில் விட்டவை போல ஏன் இருக்கின்றன என்பதற்கு வருகிறேன். உண்மையிலேயே பல பாதியில் விட்டவைதான். விற்றவையும் கண்காட்சிக்கு அனுப்பியவையும் நுணுக்கமாக முடித்தவை. வீட்டில் கட்டுக்கட்டாகக் கிடந்தவற்றை அவர் யாருக்கும் காட்டுவதற்காகச் செய்யவில்லை. 1851இல் அவர் இறந்து, உயில் வழக்கு முடிந்து, 1856இல் எல்லாம் தேசத்துக்கு வந்தபோது நேஷனல் கேலரியின் கீழ்த்தளத்தில் தகரப் பெட்டிகளில் 19,000க்கும் மேற்பட்ட தாள்கள் இருந்ததாக அவற்றைப் பிரித்து அடுக்கிய ரஸ்கின் கணக்குச் சொல்கிறார். சிலவற்றை எலி கடித்திருந்தது, சிலவற்றில் பூஞ்சை. 1909இல் முழுப் பட்டியல் தயாரித்த ஃபின்பர்க், முகமும் பெயரும் இல்லாத வண்ண வாஷ்களை வண்ணத் தொடக்கங்கள் என்று தனியாகப் பிரித்தார்.

அவர் வேலை செய்த விதத்தைத் தெரிந்துகொண்டால் இந்தத் தொடக்கங்கள் புரியும். விக்டோரியா ராணிக்கு ஓவியம் கற்பித்த லீச் சொன்னதாக ஒரு குறிப்பு உண்டு: டர்னர் பல தாள்களைப் பலகைகளில் இழுத்துக் கட்டி, தண்ணீரில் முக்கி எடுத்து, ஈரத்தாளில் வண்ணத்தைச் சொட்டி ஓடவிடுவார். ஒன்று காய்வதற்குள் அடுத்தது. அதன் பிறகு வெளிச்சத்தை ஒற்றியெடுத்து, சுரண்டி, நுண்கோடுகளால் முடிப்பார். ஆக, முதல் வாஷ் என்பது அந்த இடத்தின் மனநிலையை முடிவு செய்கிற கட்டம்: எங்கே சூடு, எங்கே குளிர், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. கட்டடம், ஆள், படகு எல்லாம் பென்சில் நோட்டில் பத்திரமாக இருக்கின்றன, எப்போது வேண்டுமானாலும் எடுத்து வைக்கலாம். நாம் இன்று ரசிக்கும் அந்த மங்கல் தாள்கள், இடத்தைப் பற்றிய அவருடைய நினைவு முதலில் எந்த வடிவில் எழுந்ததோ அந்த வடிவம். அதனால்தான் முடித்த ஓவியத்தைவிடச் சில சமயம் அவை நம்மை அதிகம் தொடுகின்றன. முடித்த ஓவியங்களை இதற்காகக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நீல ரீகியின் மாதிரியில் இருக்கும் அமைதி அழகுதான்; ஆனால் முடித்த ஓவியத்தில் படிந்திருக்கும் நீலப் படலங்களும், கத்தியால் சுரண்டி எடுத்த விடிவெள்ளியும், வாத்துகளைத் துரத்தித் தண்ணீரில் பாயும் நாய்களும் மாதிரியில் இல்லாத ஒரு விடியலை உண்டாக்குகின்றன.

நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைப்பவர்களுக்கு ஒரு விஷயம். இவை எப்போதும் சுவரில் மாட்டியிருக்காது. வாட்டர்கலரில் வண்ணப் படலம் மிக மெல்லியது, எண்ணெய் வண்ணத்துக்கு இருப்பது போன்ற பாதுகாப்பு இல்லை, வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும். இந்தியாவிலிருந்து போன அவுரி நீலம், தென்கிழக்கு ஆசிய மரப்பிசினிலிருந்து வரும் காம்போஜ் மஞ்சள், செடி வேரிலிருந்தும் பூச்சியிலிருந்தும் எடுக்கும் சிவப்புகள் எல்லாம் வெளிச்சத்தில் தாங்காதவை. அவுரியையும் செம்மண் சிவப்பையும் கலந்து போட்ட மேகங்களில் நீலம் போய்விட்டால் சிவப்பு மட்டும் மிஞ்சும். பழைய ஆங்கில வாட்டர்கலர்களில் வானம் சம்பந்தமில்லாமல் இளஞ்சிவப்பாக இருந்தால் ஓவியரின் எண்ணம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். மியூசியங்கள் இவற்றுக்கு 50 லக்ஸ் அளவு மங்கல் வெளிச்சமே கொடுக்கின்றன. ஹென்றி வான் என்ற சேகரிப்பாளர் தன் டர்னர் வாட்டர்கலர்களில் 38ஐ எடின்பரோவுக்கும் 31ஐ டப்ளினுக்கும் எழுதி வைத்தபோது, வெயில் மிகக் குறைவாக இருக்கும் ஜனவரி மாதத்தில் மட்டும் காட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டார். நூறு வருடத்துக்கும் மேலாக இரண்டு ஊர்களிலும் அப்படியே நடக்கிறது. டர்னரின் 250ஆவது பிறந்த ஆண்டான 2025இல் இரு ஊர்களும் தங்கள் தொகுப்புகளை மாற்றிக்கொண்டு காட்டின. அந்த நிபந்தனையால் வான் தொகுப்பின் நிறங்கள் அசாதாரணமாக நன்றாக இருக்கின்றன.

தேசத்துக்கு வந்த பெருந்தொகுப்பு அவ்வளவு அதிர்ஷ்டம் செய்யவில்லை. ரஸ்கின் தேர்ந்தெடுத்த சில நூறு ஓவியங்கள் பல வருடம் வெளிச்சத்தில் மாட்டப்பட்டன. 1928 ஜனவரியில் தேம்ஸ் நதி பெருகி டேட்டின் கீழ்த்தளத்துக்குள் புகுந்தபோது தாள்கள் தண்ணீரில் ஊறின. ஊழியர்கள் எடுத்து உலர்த்திக் காப்பாற்றினார்கள். வாட்மன் தாளின் தரமும் அந்த நாளில் கைகொடுத்திருக்கும். 1987இல் டேட்டில் அவருக்கென்று தனிக் கட்டடம் திறந்த பிறகு எல்லாம் ஓரிடத்துக்கு வந்தன.

லண்டன் போக முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. டேட் அந்த ஸ்கெட்ச் புக்குகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. வண்ண ஓவியத்தில் ஆரம்பிக்காதீர்கள். 1819 வெனிஸ் பென்சில் நோட்டுகளில் ஒன்றை எடுத்து இருபது பக்கம் புரட்டுங்கள். கை எவ்வளவு வேகமாக ஓடியிருக்கிறது, எந்த ஜன்னலை எண்ணியிருக்கிறது, எதை ஒரு வளைவோடு விட்டிருக்கிறது என்று கவனியுங்கள். அதன் பிறகு அந்த நான்கு வண்ணப் பக்கங்களைத் திறந்து, நோட்டில் குறித்த விவரங்களில் எதையெல்லாம் அவர் வேண்டாம் என்று விட்டார் என்று தேடுங்கள். அதே மாதிரி ரீகியின் மாதிரியையும் முடித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் நேரம் இருந்தால் லுவார் நதிக்கு வாருங்கள். அந்த நீலத் தாள்களைத் திரையில் பெரிதாக்காமல், கிட்டத்தட்ட அவற்றின் சொந்த அளவிலேயே பார்ப்பது நல்லது.